லயத்து வீடு ஏன் நடுங்குது?

செம்பனைப் பையன் (சுங்கை சிப்புட்):
எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா டி-சட்டைக்குப் படம் போட்டேன். பழைய லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), ஆறு கதவு, தகரக் கூரை, இரண்டு பக்கமும் பால்மரம், அதாவது ரப்பர் மரம். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் செவ்வகமாகப் போட்டு, பாத் எஃபெக்டில் ‘ரஃபன்’ கொடுத்துக் கோட்டை நெளிய வைத்தேன், கையால் வரைந்த மாதிரி வரட்டும் என்று. கமிட்டிப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, “வீடு ஏன் தம்பி குளிர்ல நடுங்குது?” என்றார். படத்தை இங்கே போட்டிருக்கிறேன். எங்கே தப்பு?

கோலக்காரி:
பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு கதவைப் பாத்தாக, அதாவது நெளிவோடு உறைந்த கோடாக மாற்றி ஐந்து நகல் எடுத்திருக்கிறாய். முதல் கதவின் இடது ஓரத்தில் உள்ள புடைப்பு ஆறாவது கதவிலும் அதே இடத்தில் இருக்கிறது. கை அப்படிப் போகாது தம்பி. நீளக் கோட்டில் வேகமாக ஓடும், அங்கே நெளிவு குறைவு. மூலையில் தயங்கும், சில நேரம் தாண்டியும் போய்விடும். வட்டம் போட்டால் தொடங்கிய இடத்தில் முடியாது. ரஃபன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடுங்குகிறது. பேசாமல் தாளில் மார்க்கரால் வரை, போனில் படம் பிடி, அந்தப் படத்தை இங்க்ஸ்கேப்பில் ‘ட்ரேஸ் பிட்மேப்’ கொடுத்துக் கோடாக மாற்று.

ஸ்டிக்கர் கடை:
அக்கா, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ட்ரேஸ் செய்தால் கோடு கோடாக வராது. அதன் இரண்டு கரையையும் பிடித்து, உள்ளே நிறம் நிரப்பிய வடிவமாக வரும். அப்புறம் கொஞ்சம் தடிமனாக்கு என்றால் எங்கே போவது? போன் நிழல் விழுந்த இடமும் கறுப்புத் திட்டாக ஒட்டிக்கொள்ளும். எஃபெக்டில் அடியில் செவ்வகம் அப்படியே இருக்கும். கதவை அகலமாக்கச் சொன்னால் இழுத்துவிட்டால் போதும். நாலு தடவை மாற்றச் சொல்லாத கமிட்டியை நான் பார்த்ததே இல்லை.

கோலக்காரி:
‘சென்டர்லைன்’ ட்ரேஸ் இருக்கிறதே அண்ணே, ஒற்றைக் கோடாகவே தரும்.

ஸ்டிக்கர் கடை:
தரும், ஒரே தடிமனில். பேனாவை அழுத்திய இடம், லேசாக விட்ட இடம் எல்லாம் போய்விடும். அதற்கா கையால் வரையச் சொன்னீர்கள்? தம்பி, ரஃபனிலும் கவனம். துண்டுகளின் எண்ணிக்கையை ஏற்றினால் புள்ளிகள் குவிந்துவிடும். ஸ்டிக்கர் வெட்டும் மெஷின் ஒவ்வொரு புள்ளியிலும் திக்கித் திக்கிப் போகும், விளிம்பு பிய்ந்துவிடும்.

பழைய வெட்டுக்காரன்:
கம்ப்யூட்டர் எனக்குத் தெரியாது, பேரன் காட்டினான். வீட்டை விடுங்கள், மரத்தைப் பாருங்கள். மரத்துக்கு முன்னால் நின்றால், பால் எடுக்கப் பட்டையில் போடும் வெட்டுக்கோடு இடது பக்கம் மேலே தொடங்கி வலது பக்கம் சரிந்து இறங்க வேண்டும், முப்பது டிகிரி போல. பட்டைக்குள் பால் ஓடும் குழாய் மற்ற பக்கம் சாய்ந்திருக்கும், அப்படி வெட்டினால்தான் நிறைய குழாய் அறுபடும். உன்னுடைய வலது மரத்தில் கோடு தலைகீழாக இருக்கிறது. இப்படி வெட்டியிருந்தால் கங்காணி என்னைப் பெரட்டிலேயே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்திலேயே, கிழித்திருப்பார்.

செம்பனைப் பையன்:
ஐயோ தாத்தா! ஒரு மரத்தை வரைந்து, இன்னொன்றைக் கண்ணாடி மாதிரி திருப்பிப் போட்டேன்.

கோலக்காரி:
பார்த்தீர்களா அண்ணே? இதைத்தான் சொல்கிறேன். நகல் எடுத்தால் கை மட்டுமில்லை, கண்ணும் வேலை செய்யாது.

ஸ்டிக்கர் கடை:
மரம் தப்பானது திருப்பிப் போட்டதால். ரஃபன் என்ன பாவம் செய்தது? கையால் வரைந்தாலும் வெட்டுத் தெரியாதவன் தப்பாகத்தான் போடுவான்.

செம்பனைப் பையன்:
சரி, நேற்று ராத்திரி உட்கார்ந்தேன். ஆறு கதவையும் பென்சில் கருவியில் மவுஸாலேயே தனித்தனியாக இழுத்தேன். கோட்டை வழுவழுப்பாக்கும் ஸ்மூத்திங்கை ஏற்றி வைத்ததால் புள்ளிகள் குறைவு. நாலாவது கதவு கோணலாகிவிட்டது, விட்டுவிட்டேன். மரம் இரண்டும் புதிது, வெட்டு இடமிருந்து வலம். தடிமன் மாற ‘பவர் ஸ்ட்ரோக்’ போட்டேன். கூரைக்கு மட்டும் ரஃபன். தகரத்துக்கு அது பொருந்துகிறது.

கோலக்காரி:
கூரையில் ரஃபன் தெரிகிறது தம்பி.

ஸ்டிக்கர் கடை:
சட்டையில் தெரியாது. ஃபைலை அனுப்பு.