எம்பிஓ: கழட்டி மாட்டினதும் 12 ஃபைபரும் சேர்ந்து லாஸ் காட்டுது

புளியரை_ஃபைபர்:
செங்கோட்டை தாண்டி புளியரையில, மலையடிவாரத்துல ஒரு சின்ன இன்டர்நெட் ரூம் பாத்துக்கிறேன். சிங்கிள்மோட் எம்பிஓ (12 ஃபைபரை ஒரே முனையில சேர்க்கிற கனெக்டர்), சாய்வு முகம் உள்ள ஏபிசி வகை. நேத்து வரைக்கும் ஒவ்வொரு ஃபைபர்லயும் லாஸ், அதாவது ஒளி இழப்பு, 0.3 டிபிக்குள்ள இருந்துச்சு. இன்னைக்கு ராக்கை நகர்த்தணும்னு கழட்டி மாட்டினேன். இப்ப வரிசையில முதல் ஃபைபர் நீலம் 1.1, அப்படியே கூடிக்கிட்டே போய் கடைசி ஃபைபர் அக்வா 1.9. முகத்தைத் துடைக்கிற கிளிக் க்ளீனர் அஞ்சு தடவை போட்டாச்சு. ஸ்கோப்ல 12 வட்டமும் பளிச்சுனு இருக்கு. வேலை செய்யும்போது கதவு திறந்து கிடந்துச்சு, ஆரியங்காவு கணவாய்க் காத்து சாரலோட உள்ள அடிச்சுது. கனெக்டர் போயிருச்சா?

கம்பம்_ஸ்ப்ளைஸ்:
அடாப்டர் மாத்தினீங்களா? ஏபிசிக்கு ஒரு கனெக்டரோட கீ (முதுகுல இருக்கிற மேடு) மேல, இன்னொண்ணோட கீ கீழ வர்ற அடாப்டர்தான் வேணும். ரெண்டும் மேல வந்தா 8 டிகிரி சாய்வு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தாது.

புளியரை_ஃபைபர்:
இல்ல அண்ணாச்சி, அதே அடாப்டர்தான்.

களியக்காவிளை_பழையகை:
தம்பி, கனெக்டரைத் தூக்கிப் போட்டுராதீங்க. ஒரு ஃபைபர்ல அழுக்குன்னா அது ஒண்ணுதான் கெடும். பன்னிரண்டும் சேர்ந்து கெட்டா, முகம் ரெண்டும் முழுசா ஒட்டலைன்னு அர்த்தம்.

ஒத்தை ஃபைபர் எஸ்சி கனெக்டர்ல ஃபைபரைப் பிடிக்கிறது 2.5 மில்லிமீட்டர் பீங்கான் ஃபெரூல், அதை ஸ்லீவ்ங்கிற குழாய் பிடிச்சு நேராக்கும். இங்க ஸ்லீவே கிடையாது. ஜப்பான்ல என்டிடி டெலிஃபோன் கம்பெனிக்காரங்க 1980-கள்ல எம்பிஓக்குள்ள இருக்கிற எம்டி ஃபெரூலை வடிவமைச்சப்ப அந்த வேலையை ரெண்டு பின்கிட்ட கொடுத்துட்டாங்க. ஒவ்வொண்ணும் 0.7 மில்லிமீட்டர் தடிமன். 12 ஃபைபர் 250 மைக்ரான் இடைவெளியில வரிசையா நிக்கும், மொத்தத்தையும் தள்ளுறது ஒரே ஸ்பிரிங். ஒரு பின்னோட அடியில மணல் துகள் ஒண்ணு உக்காந்துட்டா போதும், வரிசை முழுக்க இடைவெளி விழும். ஏபிசியில அது இன்னும் மோசம். சாய்வு முகத்துல வெளிய வர்ற ஒளி கொஞ்சம் விலகித்தான் போகும், இடைவெளி கூடக் கூட எதிர் ஃபைபரோட கோரை, அதாவது ஒளி போற நடுப்பகுதியை, தவறவிடும். சிங்கிள்மோட் கோர் 9 மைக்ரான்தானே.

ஸ்கோப் காட்டுறது நடு வரிசையை மட்டும். கிளிக் க்ளீனர் நாடாவும் அதைத்தான் துடைக்கும், பின் அடிக்குப் போகாது. அக்வா பக்கத்துப் பின்னை முதல்ல பாருங்க. லேசரை அணைச்சுட்டு, ஐசோபுரொப்பைல்ல நனைச்ச நூல் பிரியாத துணியால பின்னோட அடியைச் சுத்தித் துடைச்சு, உடனே காஞ்ச துணியால ஒத்தி எடுங்க. எதிர்ப்பக்கத்து ஓட்டை ரெண்டையும் விட்டுராதீங்க. நிறைய பேர் அங்கதான் ஏமாறுவாங்க. துகள் ஓட்டைக்குள்ள இருந்து, மாட்டும்போது மறுபடி முகத்துக்கு வரும்.

புளியரை_ஃபைபர்:
கிடைச்சுது! அக்வா பக்கத்துப் பின் அடியில, டார்ச் சாய்ச்சுப் பாத்தாத்தான் தெரியுது, உப்புக்கல்லு மாதிரி ஒரு மினுக்கம். துடைச்சு மாட்டினேன். நீலம் 0.28, அக்வா 0.31. ரொம்ப நன்றி அண்ணாச்சி. காலையில இருந்து சாப்பிடாம இதோட கிடந்தேன். ஒண்ணு மட்டும் கேக்கணும்: பக்கத்து ராக்குல இன்னும் நாலு எம்பிஓ மாட்டி ஓடிக்கிட்டிருக்கு, அதையும் கழட்டித் துடைச்சிரவா?

களியக்காவிளை_பழையகை:
ரீடிங் சரியா இருந்தா தொடாதீங்க. கழட்டின முனைக்கு உடனே மூடி போடுங்க, அந்தக் கதவைச் சாத்திட்டு வேலை பாருங்க.