தரம் 7 பிள்ளைகளுக்கு இயேசு சொன்ன உவமைக் கதைகளை எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்? கொழும்பு ஆசிரியர்களின் அனுபவங்கள்

முகத்துவாரம், பாடசாலை ஆசிரியை:

இந்த வருடம் தரம் 7, 8 கிறிஸ்தவ பாடம் என் தலையில் விழுந்திருக்கிறது. உவமையை வாசித்துவிட்டு, இதிலிருந்து என்ன படித்தோம் என்று கேட்டால், "அன்பாக இருக்க வேண்டும் டீச்சர்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். எந்த உவமைக்கும் அதே பதில்தான். பரீட்சைக்கு அது போதும், எனக்குப் போதவில்லை. வகுப்பில் செய்து பார்த்த ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கொட்டாஞ்சேனை, பாடசாலை ஆசிரியை:

திராட்சைத் தோட்டக் கூலியாட்களை எடுத்துப் பாருங்கள், மத்தேயு 20. நான் கதையைச் சொல்லாமலே தொடங்கினேன். சமய பாடவேளைக்கு மணி அடித்ததும் எங்கள் வகுப்பு நாலாகப் பிரியும். சைவப் பிள்ளைகள் ஒரு பக்கம், இஸ்லாம் ஒரு பக்கம், கத்தோலிக்கம், கிறிஸ்தவம் என்று போனால் என்னிடம் மிஞ்சுவது ஒரு கைப்பிடிதான். அதனால் இது வசதி. பாதிப் பேரை அப்போதே வேலையில் இறக்கினேன். பழைய போஸ்டர் கழற்றுவது, அலுமாரியில் கொப்பி அடுக்குவது, தும்புத்தடியால் கூட்டுவது. மிச்சப் பேரைக் கதவோரம் நிற்க வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே அனுப்பினேன். கடைசி இருவர் வரும்போது மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது.

எல்லாருக்கும் இரண்டிரண்டு டொபி. கொடுக்கும்போது கடைசியாக வந்தவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும், உவமையிலும் அப்படித்தான். முதலில் வந்தவன் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அடுத்தவனுக்கு என்ன கிடைத்தது என்று பார்க்கவே மாட்டான், கோபமும் வராது. இங்கே நன்றாகவே வந்தது. "அநியாயம் டீச்சர்!" என்று தும்புத்தடியைக் கீழே போட்டான் ஒருவன்.

அடுத்த வகுப்பில்தான் வேதாகமத்தைத் திறந்தேன். விடியலில் வந்தவர்களுக்கும் ஒரு மணி நேரம் மட்டும் வேலை செய்தவர்களுக்கும் அதே ஒரு தெனாரியம், அந்தக் காலத்து ஒரு நாள் கூலி. சரி, கடவுளின் தாராளத்தைப் பற்றிப் பேசலாம் என்று நான் வாயைத் திறக்குமுன், பின்வாங்கிலிருந்த ஒரு பையன் பேசினான். அவனுடைய அப்பா புறக்கோட்டையில் நாட்டாமி, மூட்டை தூக்குபவர். "கடைசியில வந்தவங்க சும்மா இருக்கல்ல டீச்சர். யாரும் கூப்பிடல்ல, அதான் நின்டுகொண்டே இருந்தாங்க. அப்பாவும் சில நாள் அப்படித்தான் நிப்பார். அண்டைக்கும் வீட்ல சாப்பிடத்தானே வேணும்?"

நான் பல பிரசங்கங்களில் இந்த உவமையைக் கேட்டிருக்கிறேன். அன்றைய கூலி அன்றைய சோறு என்பதை இவ்வளவு நேராக யாரும் சொன்னதில்லை. ஆனால் ஒரு பிள்ளை விடவில்லை. "அப்படியென்றா நாளைக்கு எல்லாரும் பின்னேரம்தானே வருவாங்க?" நல்ல கேள்வி. நான் பதில் சொல்லவில்லை, இரண்டு பேரையும் வாதாட விட்டேன். எல்லாரும் ஒத்துப்போய் முடியும் சமய வகுப்பில் எனக்கு நம்பிக்கை குறைவு.

கொச்சிக்கடை, ஞாயிறு மறைக்கல்வி ஆசிரியர்:

நாங்கள் நல்ல சமாரியனை நாடகமாகப் போடுவோம்: அடிபட்டுக் கிடந்த ஒருவனைக் குருவும் லேவியனும் கண்டும் காணாமல் போக, வேற்று இனத்துச் சமாரியன் காப்பாற்றும் கதை. எல்லாருக்கும் சமாரியனாக நடிக்க ஆசை, குருவாகவும் லேவியனாகவும் வர ஆளில்லை. யூதருக்கும் சமாரியருக்கும் ஆகவே ஆகாது என்பது பிள்ளைகளுக்குப் பாடநூல் வரிதான். அதனால் ஒரு முறை கதையை எருசலேம், எரிகோ பாதையிலிருந்து ஆமர் வீதிக்கு மாற்றச் சொன்னேன். சமாரியன் யார் என்று அவர்களே தீர்மானிக்க வேண்டும்.

2019 ஏப்ரல் 21, எங்கள் அந்தோனியார் கோயிலிலும் குண்டு வெடித்த உயிர்த்த ஞாயிறு, எங்கள் பகுதிக்கு என்ன நாள் என்று சொல்லத் தேவையில்லை. அதன்பின் சில ஞாயிறுகள் கோயிலில் பூசையே இல்லை. தெருவில் முஸ்லிம்களைப் பற்றிய சந்தேகப் பேச்சு பெரியவர்களிடமிருந்து பிள்ளைகளுக்கும் தொற்றியிருந்தது. நாடகத்தில் ஒரு சிறுமி, "ஓட்டோ ஓட்டும் முஸ்லிம் அங்கிள்" என்றாள். இரண்டு பேர் நடிக்க மாட்டோம் என்று எழுந்தார்கள். அப்போதுதான் லூக்கா 10 அந்தக் காலத்தவர் காதில் எப்படி விழுந்திருக்கும் என்பது அந்த அறைக்குள் வந்தது. நாடகம் நடந்தது. எழுந்த இருவரில் ஒருவன் காயப்பட்டவனாகப் படுத்தான், மற்றவன் வரவில்லை. அவனைக் கட்டாயப்படுத்தவில்லை, வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று நமக்குத் தெரியாதே.

ஒன்று: இதைப் புது வகுப்போடு செய்யாதீர்கள். பிள்ளைகளை நன்றாகத் தெரிந்த பிறகு மட்டும்.

வத்தளை, ஓய்வுபெற்ற ஆசிரியை:

நட்சத்திர அட்டவணை மட்டும் வேண்டாம் மகள். நற்செயல் செய்தால் பெயருக்கு நேரே தங்க நட்சத்திரம் என்று ஒட்டுவார்களே, அது. தவக்காலத்தில் எங்கள் பாடசாலையில் ஒரு வகுப்பு அதைச் செய்தது. இரண்டாம் வாரமே பிள்ளைகள் கற்பனைப் பாட்டிமாரை வீதி கடக்க வைக்கத் தொடங்கிவிட்டார்கள். வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்று மத்தேயு 6 சொல்ல, அதைச் சுவரில் ஒட்டிக் காட்டினால் எப்படி? அதற்குப் பதில் மூடிய பெட்டி ஒன்று வையுங்கள். தனக்கு உதவியவரைப் பற்றிப் பெயரில்லாமல் எழுதிப் போடட்டும், தான் செய்ததை அல்ல. வெள்ளிக்கிழமைகளில் இரண்டு மூன்றை மட்டும் வாசியுங்கள். நிறைய வாசித்தால் அதுவும் போட்டியாகிவிடும்.