பிஎஃப்டி டெஸ்ட்ல (மெஷின் குழாய்ல ஊத வச்சு நுரையீரல் எப்படி வேலை செய்யுதுன்னு பாக்கறது) ஆளுக்கு ஆள் மவுத்பீஸ் மட்டும் மாத்தினா போதுமா? நீங்க பாத்தத சொல்லுங்க

கோவை பிஎஃப்டி டெக்:
செஸ்ட் கிளினிக்ல பிஎஃப்டி எடுக்குற வேலைங்க எனக்கு. பக்கத்துல ஒரு ஸ்பின்னிங் மில்லுல வருஷாந்திர மெடிக்கல் செக்கப், வேற ஒரு லேப் ஆளுங்க மெஷினோட வந்திருந்தாங்க, கூட்டம் ஜாஸ்தின்னு என்னையும் உதவிக்கு கூப்பிட்டாங்க. பூராவும் பஞ்சு தூசில நிக்கிற ஆளுங்க, லைன்ல பாதி பேருக்கு இருமல். அட்டை மவுத்பீஸ் ஆளுக்கு ஒண்ணு புதுசா குடுத்தாங்க, அது சரி. ஆனா மவுத்பீஸுக்கும் மெஷினுக்கும் நடுவுல எச்சி, கிருமிய புடிக்கிற ஃபில்டர் கிடையாது. ஊதும்போது மூக்க மூடற நோஸ் கிளிப் எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணு, அதுல இருக்குற ஸ்பாஞ்சு வேர்வைல ஊறி கறுத்துப் போயிருந்துச்சு. கேட்டா "வெளிய தானங்க ஊதறாங்க, உள்ள இழுக்கறதில்லையே"ங்கறாங்க. அப்படி இல்லைங்க, முழுசா ஊதி முடிச்சதும் அதே குழாய்ல திரும்ப நெஞ்சு நெறைய இழுக்கணும், அப்பதான் ஸ்கிரீன்ல வர்ற வளையம், அந்த லூப்பே முழுசாகும். இழுக்க வேண்டாம்னு சொன்னாலும் பாதி பேரு வாயில வச்ச உடனே இழுத்துட்டுதான் ஊதுவாங்க. மதியம் மெஷின்ல காத்த அளக்கற சின்ன விசிறி இருக்குற டர்பைன கழட்டி வெளிச்சத்துல புடிச்சு பாத்தேன், விசிறி மேல எச்சி தெறிச்சு காஞ்சு வெள்ளப் புள்ளியா ஒட்டிட்டு இருந்துச்சு. அதக் காட்டினப்புறம்தான் கேம்ப் டாக்டர் நிறுத்தச் சொன்னாரு. எங்க கிளினிக்லருந்து ஃபில்டர் வரவச்சு ஆளுக்கு ஒண்ணு போட்டோம், ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னு சொன்னவங்கள ஊத விடாம மொதல்ல சளி டெஸ்டுக்கு அனுப்பினாங்க. அதுல ஒருத்தருக்கு டிபி. ஃபில்டர் விலை மவுத்பீஸ விட பல மடங்கு, அது எனக்கும் தெரியும், அதுக்காக அடுத்து ஊத வர்ற மனுஷனோட நெஞ்ச பணயம் வைக்க முடியுங்களா?

திருச்சி அம்மா:
எங்க பையனுக்கு ஆஸ்துமா. நாங்க போன எடத்துல மவுத்பீஸ், ஃபில்டர் எல்லாம் எங்க கண்ணு முன்னாடியே கவர் பிரிச்சு மாட்டுனாங்க, மனசுக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பறம் மூச்சுக்குழாய விரிக்கற சால்புடமால் மருந்து நாலு பஃப் குடுத்து 15 நிமிஷம் கழிச்சு மறுபடி ஊதச் சொல்லுவாங்கல்ல, அந்த பஃப்ப இழுக்க இன்ஹேலர்ல மாட்டற குடுவை, அந்த ஸ்பேசர்தான் பிரச்சன. எங்களுக்கு முன்னாடி போன குழந்தைக்கு குடுத்த அதே ஸ்பேசர டிஷ்யூ பேப்பர்ல ஒரு தொட தொடச்சுட்டு நீட்டுனாங்க. வேணாம்மா, எங்க வீட்டு ஸ்பேசர் பைல இருக்கு, அதுலயே குடுங்கன்னேன், ஒண்ணும் சொல்லாம ஒத்துக்கிட்டாங்க. ஆஸ்துமா குழந்த வச்சிருக்கவங்க டெஸ்டுக்கு போனா சொந்த ஸ்பேசர எடுத்துட்டு போங்க ப்ளீஸ்.

செஸ்ட் பிஜி, சென்னை:
நெஞ்சு நோய் மேற்படிப்பு படிக்கற டாக்டர் நான், நியாயமா ஒண்ணு சொல்லிடறேன், மெஷின் வழியா ஒருத்தர்கிட்டருந்து இன்னொருத்தருக்கு தொத்துச்சுன்னு நிரூபணமான கேஸ் ரொம்ப கம்மி. ஆனா டிபி உள்ள போய் நோயா வெளிய தெரிய மாசக்கணக்கு, சில பேருக்கு வருஷக்கணக்கு ஆகும், அப்போ போய் யாரு அத என்னிக்கோ ஊதின பிஎஃப்டியோட சேர்த்து யோசிக்கப் போறா? 2019ல அமெரிக்க, ஐரோப்பிய நுரையீரல் டாக்டர் சங்கங்கள் (ஏடிஎஸ், ஈஆர்எஸ்) சேர்ந்து விட்ட கைட்லைன்லயே டிபி சந்தேகம் இருந்தா டெஸ்ட தள்ளிப் போடற லிஸ்ட்ல வச்சிருக்காங்க. கட்டாயம் எடுத்தே ஆகணும்னா அன்னிக்கு கடைசி ஆளா எடுக்கறதுதான் எங்க பழக்கம், அப்புறம் மெஷின கழட்டி சுத்தம் பண்ண டைம் கிடைக்கும்.

2020 மார்ச்ல கொரோனாவுக்காக எங்க பிஎஃப்டி ரூமையே பூட்டினோம். திறந்தப்போ ஜன்னல் திறந்து வைக்கிறது, ஒருத்தர் போனதும் கொஞ்ச நேரம் ரூம காலியா விடறது, டெக்னீசியன் என்95 போட்டுக்கிட்டு பேஷண்ட்டுக்கு நேரா உக்காராம பக்கவாட்டுல உக்கார்றதுன்னு எல்லாம் ஒழுங்கா நடந்துச்சு. இப்போ ஏசி போட்டு ஜன்னல சாத்திட்டாங்க. ஊதி முடிச்சதும் குழாய வாயிலருந்து எடுத்துட்டு இருமறாங்க பாருங்க, அத எந்த ஃபில்டரும் புடிக்காது, அத முழுசா வாங்கறது டெக்னீசியன்தான். அவங்களுக்காகவாவது அந்த ஜன்னல திறங்க.

நெல்லை ஸ்டாஃப் நர்ஸ்:
எங்க டாக்டர் ஃபில்டர் போட்டா ரீடிங் கொறையும்னு சொல்லி வேண்டாங்காங்க. உண்மையா?

செஸ்ட் பிஜி, சென்னை:
ஃபில்டரால வர்ற வித்தியாசம் ரொம்ப சின்னதுதான் சிஸ்டர். ஊதற காத்துக்கு மெஷின் இவ்வளவுதான் தடையா இருக்கலாம்னு வச்சிருக்கற ரெசிஸ்டன்ஸ் லிமிட்டே ஃபில்டரையும் சேர்த்துதான். காலைல 3 லிட்டர் காத்த தள்ளற சிரிஞ்ச் வச்சு மெஷின் சரியா அளக்குதான்னு செக் பண்ணும்போதே அதே கம்பெனி ஃபில்டர மாட்டிட்டு பண்ணுங்க, அந்த ரிசல்ட்ட அப்படியே டாக்டர்கிட்ட காட்டுங்க.

கோவை பிஎஃப்டி டெக்:
இன்னொண்ணு சிஸ்டர், டர்பைன் மெஷினா இருந்தா குழாய்த் தண்ணிய நேரா திறந்து விட்டு கழுவாதீங்க, வேகத்துல விசிறி போயிரும். மேனுவல்ல சொன்ன மருந்துத் தண்ணில அவங்க சொன்ன நேரம் ஊற வச்சு, டிஸ்டில்டு வாட்டர்ல முக்கி எடுத்து, நிமித்தி வச்சு காத்துலயே காய விடுங்க. ஈரத்தோட மாட்டினா ரீடிங் தப்பா வரும், அப்புறம் பழி ஃபில்டர் மேல வந்துரும். காஞ்சதும் மறுபடி ஒரு தடவ சிரிஞ்ச் போட்டு பாத்துட்டு அடுத்த பேஷண்ட்ட கூப்பிடுங்க.