பிளக் ஒயருக்கு உறை போடுவதா, தகரத் தடுப்பு வைப்பதா? (1960 இம்பாலா, பழைய வண்ணாரப்பேட்டை)

வண்ணை வி8:
அப்பா வைத்திருந்த செவர்லே இம்பாலா கார். 283 கியூபிக் இஞ்ச் வி8 இன்ஜின். கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வாடகைக்கு விடுகிறேன். இடப்பக்க வரிசையில் கடைசியாக இருக்கும் 7ஆம் சிலிண்டரின் பிளக் ஒயர் திரும்பத் திரும்ப வெந்துபோகிறது. புது செட் மாட்டினாலும் கொஞ்ச நாளில் நுனி ரப்பர் மூடி பழுப்பேறி, விரலால் அழுத்தினால் பொடியாக உதிர்கிறது. பிளக்கைக் கழற்றினால் வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாக மெல்லிய கருப்புக் கோடு. போன முகூர்த்தத்தில் எம்.சி. ரோட்டில் மாப்பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு, இன்ஜின் விட்டுவிட்டு எரிந்து மிஸ்ஸிங் அடித்தது. பேண்டு வாத்தியக்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். கண்ணாடி இழை உறை போடச் சொல்கிறார் ஒருவர், வேண்டவே வேண்டாம் என்கிறார் இன்னொருவர். ஆடி முடிந்தால் ஆவணி முகூர்த்தங்கள் வரிசையாக வரும். அதற்குள் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை டைமிங்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது? உறை போடுங்கள். இன்ஜின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, லோடு இழுக்கும்போது 400 டிகிரியைத் தாண்டும். நல்ல சிலிகான் ஒயரே 200 டிகிரி வரைதான் நிம்மதியாகத் தாங்கும். பழைய ரப்பர் ஒயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஒயர் மேனிஃபோல்டைத் தொட வேண்டும் என்பதுகூட இல்லை, பக்கத்தில் இருந்தாலே கதிர்வீச்சுச் சூட்டில் வெந்துவிடும். பிளக் மூடிக்கு மேல் கைவிரல் நீளத்துக்குக் கண்ணாடி இழை உறை, முடிந்தால் அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் பீங்கான் மூடி. அரை மணி நேர வேலை.

மின்ட் மேஸ்திரி:
தம்பி, அரை மணி நேர வேலைதான், மறுக்கவில்லை. வெந்ததை மூடி வைக்கிறீர்கள், ஏன் வேகிறது என்று பார்க்கவில்லை. கம்பெனி இந்த இன்ஜினில் ஒயரை எப்படி இழுத்தது? டெல்கோ, அதாவது பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், பின்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஒயர்கள் ஹெட்டுக்குப் பின்னால் இறங்கி, மேனிஃபோல்டுக்கு அடியில் பிளாக்கை ஒட்டி முன்னால் வந்து, கீழிருந்து பிளக்குக்கு ஏறும். பிளக்குக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் தகரத் தடுப்பு. அதாவது சூட்டுக்கும் ஒயருக்கும் இடையில் தகரம், தகரத்தின் இரண்டு பக்கமும் காற்று. நம்மூரில் எத்தனை பட்டறை மாறினாலும் முதலில் காணாமல் போவது அந்தத் தகரம்தான். அப்புறம் கீழே கையை விட்டு வேலை செய்யச் சோம்பல் பட்டு, ஒயரை இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவர் மேலாக இழுத்து, மேனிஃபோல்டின் இரண்டு குழாய்களுக்கு நடுவில் இறக்கிவிடுவார்கள். வண்ணை தம்பி, உங்கள் வண்டியில் அப்படித்தானே இருக்கிறது?

வண்ணை வி8:
அப்படியேதான் இருக்கிறது அண்ணே. தகரம் ஒன்றுகூட இல்லை.

அம்பி கொருக்குப்பேட்டை:
இதற்குத்தான் அம்பாசடர் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது. 1489 சிசி இன்ஜின், பிளக்கும் டெல்கோவும் ஒரு பக்கம், மேனிஃபோல்டு எதிர்ப்பக்கம். பிளக் ஒயருக்குச் சூடு என்றால் என்னவென்றே தெரியாது.

தண்டையார்பேட்டை டைமிங்:
மாப்பிள்ளை அம்பாசடரில் போக மாட்டேன் என்கிறார் அண்ணே, அதுதான் பிரச்சினை.
மேஸ்திரி ஐயாவுக்கு ஒரு கேள்வி. கம்பெனி போட்ட பாதை டெட்ராய்ட் சாலைக்குச் சரி. ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை பக்கம் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? அடியில் போகும் ஒயர்தான் முதலில் நனையும். சேறு அப்பிய ஒயரில் கரண்ட் கசிந்தால் நடுத்தண்ணீரில் வண்டி நின்றுவிடும். மேலே போகும் ஒயர் கண்ணுக்கும் தெரியும், கைக்கும் எட்டும். ஆகவே மேலேயே விட்டு, உறை போடுவதுதான் இந்த ஊருக்குப் பொருத்தம்.

காசிமேடு கரைவாசி:
ஊரைப் பற்றிப் பேசுவதால் நானும் ஒன்று சொல்கிறேன். கண்ணாடி இழை உறை பின்னல் துணி மாதிரி. டேப்பட் கவரில் கசியும் எண்ணெயையும் குடிக்கும், கடல்காற்றின் ஈரத்தையும் குடிக்கும். ஈரம் காய்ந்தபின் உப்பு தங்கிவிடும். எங்கள் தெருவில் நிற்கும் ஒரு ஜீப்பில் உறையின் ஒரு முனை மேனிஃபோல்டு போல்ட்டில் படிந்திருந்தது. உள்ளே ஒயரில் மயிரிழை வெடிப்பு. இருட்டியபின் பானட்டைத் திறந்து, பாட்டிலில் இருந்து லேசாகத் தண்ணீர் பீச்சினோம். உறை வழியாகவே நீலப் பொறி ஊர்ந்து போல்ட்டுக்குப் போனது, பட்பட் என்று சத்தத்தோடு. உறையைக் கழற்றியதும் ஊர்வது நின்றது. வெடிப்பு இருந்த ஒயரை மாற்றியபின் வண்டி ஒழுங்காக ஓடியது.

தண்டையார்பேட்டை டைமிங்:
வெடித்த ஒயருக்கு உறை மாட்டினால் உறை என்ன செய்யும்? நான் சொல்வது நல்ல ஒயருக்கு. எண்ணெய் ஊறாமல் இருக்க மேல்பக்கம் சிலிகான் பூசிய உறையும் கிடைக்கிறது.

எண்ணூர் பாலு:
என் பெரியப்பா எண்ணூரில் வேலை பார்த்தவர். அசோக் லேலண்ட் ஆவதற்கு முன்னால், அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் ஆஸ்டின் ஏ40 கார் பூட்டிய காலம். அவர் கைப்பக்குவம் ஒன்று உண்டு: ஆஸ்பெஸ்டாஸ் கயிற்றை மேனிஃபோல்டில் சுற்றிவிடுவார். சூடு வெளியே வந்தால்தானே ஒயர் வேகும்? ஹார்பர் பக்கம் பழைய கயிறு கிடைத்தால் சுற்றிப் பாருங்கள்.

மின்ட் மேஸ்திரி:
அதைச் செய்யவே கூடாது பாலு சார். அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கும். பழைய கயிறு என்றால் இன்னும் மோசம், தொட்டாலே உதிரும். ஆஸ்பெஸ்டாஸ் இல்லாத பட்டையைச் சுற்றினாலும் வார்ப்பிரும்புக்கு நல்லதில்லை. சூடு உள்ளேயே தங்கி வெடிப்பு விடும். பட்டைக்கு அடியில் ஈரம் நின்று துரு வேறு. அலுமினியத் தாளை ஒயரிலேயே சுற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். உலோகத்தைக் கொண்டுபோய் ஹை டென்ஷன் ஒயரில் ஒட்டினால், சின்ன வெடிப்பு போதும், பொறி பிளக்குக்குப் போகாமல் பாடிக்கு எர்த் ஆகிவிடும்.

இன்னொரு விஷயத்தை இதுவரை யாரும் கேட்கவில்லை: மேனிஃபோல்டு ஏன் இவ்வளவு சுடுகிறது? ஊர்வலம் என்றால் பேண்டுக்குப் பின்னால் நடை வேகம். ரேடியேட்டர் ஃபேன் தரும் காற்று மட்டும்தான், எதிர்க்காற்று கிடையாது. அதோடு டைமிங், அதாவது பிளக்கில் பொறி வரும் நேரம், பின்தங்கி இருந்தால் நெருப்பு சிலிண்டருக்குள் எரிந்து முடியாமல் மேனிஃபோல்டில் போய் எரியும். டெல்கோவின் பக்கவாட்டில், பொறி நேரத்தை முன்தள்ள இருக்கும் வேக்குவம் டப்பாவின் குழாயைக் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள். உள்ளே தட்டு நகர வேண்டும். நாக்கால் அடைத்தால் அங்கேயே நிற்க வேண்டும். நகர்ந்துவிட்டு மெல்லத் திரும்பி வந்தால் டயாஃப்ரம் ஓட்டை. இப்போது பங்கில் போடும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கார்பரேட்டர் பழைய ஜெட்டிலேயே (பெட்ரோல் வரும் துளை) இருந்தால் கலவை மெலியும், அதையும் கவனியுங்கள்.

வண்ணை வி8:
உறிஞ்சிப் பார்த்தேன் அண்ணே. தட்டு அசையவே இல்லை, காற்றுதான் வருகிறது.

மின்ட் மேஸ்திரி:
அப்போ பாதிச் சூட்டுக்குக் காரணம் அதுதான். டப்பாவை மாற்றிவிட்டு டைமிங் லைட் வைத்துப் பாருங்கள்.

தண்டையார்பேட்டை டைமிங்:
சரி, டைமிங் விஷயத்தில் மேஸ்திரி சொல்வதை ஏற்கிறேன், என் பெயரிலேயே டைமிங் இருக்கிறது! ஆனால் ஊர்வலம் முடிந்து இன்ஜினை அணைத்ததும் என்ன ஆகும்? ஃபேனும் நின்றுவிடும், தண்ணீரும் ஓடாது, மேனிஃபோல்டின் மொத்தச் சூடும் பானட்டுக்குள் ஏறும். ரப்பர் அதிகம் வேகும் நேரம் அதுதான். அந்த நேரத்துக்காவது உறை தேவை என்பதில் நான் மாறவில்லை. மண்டப வாசலில் பானட்டைத் தூக்கி வைத்தால் கல்யாண வீட்டார் பதறிவிடுவார்கள்.

காசிமேடு கரைவாசி:
ஒயரைக் கீழ்ப்பாதைக்கு மாற்றுகிறவர் 5, 7 இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடாதீர்கள். இந்த இன்ஜினில் சிலிண்டர்கள் வெடிக்கும் வரிசை 1-8-4-3-6-5-7-2. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர்களான 5ம் 7ம் அடுத்தடுத்து வெடிக்கின்றன. இரண்டு ஒயரும் ஒட்டி நீளமாக ஓடினால் 5க்குப் போகும் கரண்ட் 7ஐயும் தூண்டி, நேரத்துக்கு முன்பே பொறி வரும். நடுவில் வேறொரு ஒயரை விடுங்கள், இல்லையென்றால் ஒன்றை ஒன்று குறுக்காகக் கடக்க விடுங்கள்.

வண்ணை வி8:
எல்லோருக்கும் நன்றி. வேக்குவம் டப்பா தேடிக்கொண்டிருக்கிறேன். ஒயரைக் கம்பெனி பாதையிலேயே இறக்கி, தகரம் செய்யப் போகிறேன். டைமிங் அண்ணன் கோபிக்க வேண்டாம், 7க்கு மட்டும் பீங்கான் மூடி போடுகிறேன். உறை வேண்டாம். மழைக்காலத்தில் சுரங்கப்பாதைப் பக்கம் இந்த வண்டியை நான் எடுப்பதே இல்லை. தகரத்துக்கு வால்டாக்ஸ் ரோடு டிங்கர் ஜி.ஐ. ஷீட் போதும் என்கிறார். சரியா?

மின்ட் மேஸ்திரி:
ஜி.ஐ. வேண்டாம், அந்தச் சூட்டில் துத்தநாகப் பூச்சு உரிந்துவிடும். ஒரு மில்லிமீட்டர் எஸ்.எஸ். தகடு வாங்கிக் கொடுங்கள். விளிம்பை அரம் போட்டு மழுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதுவே ஒயரை அறுக்கும். மாட்டும்போது பிளக் மூடிக்குள் கொஞ்சம் டைஎலக்ட்ரிக் (கரண்ட் கடத்தாத) கிரீஸ்.

தண்டையார்பேட்டை டைமிங்:
கார்த்திகையில் 7ஆம் மூடியின் போட்டோவை இங்கே போடுங்கள். அப்போது உறையைப் பற்றி மறுபடியும் பேசுவோம்.