விலையில்லாப் பாடநூல்: நாங்கள் கண்டதும் பட்டதும்

இயற்பியல் ஆசிரியர்

வகுப்பில் துணிந்து கேள்வி கேட்கும் மாணவி ஒருவர், முதல் தேர்வில் பாடநூலில் மட்டுமே இருந்த கணக்குகளைத் தொடாமல் விட்டிருந்தார். அழைத்து விசாரித்தேன். நூலகத்தில் இருந்த ஒரே பிரதி, தேர்வுக்கு முந்தைய நாள்தான் அவர் கைக்கு வந்ததாம். அந்த நூலைக் கட்டாயமாக்கியவன் நான். பதிப்பகம் எனக்கு இலவசமாக அனுப்பிவிடும் என்பதால், அதன் விலையை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் இயங்கும், இணையத்தில் இலவசப் பாடநூல்களை வெளியிடும் ஓப்பன்ஸ்டாக்ஸ் அமைப்பு 2012-இல் வெளியிட்ட கல்லூரி இயற்பியல் நூலை எடுத்துக்கொண்டேன். ஆக்கியோர் பெயரைக் குறிப்பிட்டால் போதும், திருத்தலாம், சுருக்கலாம், மறுபடி வெளியிடலாம் என்பது அதன் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம். வேண்டாத அத்தியாயங்களை நீக்கினேன். அலைகளை ஒளியியலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். இருபது ஆண்டுகளாக இன்னொருவர் வகுத்த வரிசையில் பாடம் நடத்தியவனுக்கு அது பெரிய விடுதலை.

சிக்கல் படங்களில் வந்தது. என் பழைய குறிப்புகளிலிருந்து 40 படங்களைச் சேர்த்திருந்தேன். எங்கள் நூலகர் ஒவ்வொன்றாகக் காட்டி, "ஐயா, இது யார் வரைந்தது?" என்று கேட்டார். பாதிக்கு மேல் என்னிடம் பதில் இல்லை. இணையத்தில் இலவசமாகப் பார்க்கக் கிடைப்பது வேறு, எடுத்தாள அனுமதி இருப்பது வேறு என்று அப்போதுதான் விளங்கியது. விடுமுறை முழுவதும் உட்கார்ந்து படங்களை நானே வரைந்தேன். அந்த உழைப்பு என் பணிநேரக் கணக்கில் சேரவில்லை. இது மாறியே ஆக வேண்டும். ஆசிரியர்களின் தியாகத்தை மட்டும் நம்பி இந்த வேலை நீடிக்காது.

இரண்டாம் ஆண்டு மாணவர்

நான் படித்த வகுப்பில் முதல் நாளே எல்லோரிடமும் நூல் இருந்தது. ஒரு விடைக்குறிப்பில் அலகு தவறாக இருந்ததைச் சொன்னேன்; அந்த வாரமே திருத்திவிட்டார்கள். கைப்பேசித் திரையில் நீண்ட சமன்பாடுகளைப் படிப்பது மட்டும் கடினம். அச்செடுத்துக் கட்டிய பிரதி இப்போதும் என்னிடம் இருக்கிறது.

ஆனால் வேறொரு பாடத்தில் நூல் இலவசம் என்றார்கள். வீட்டுப்பாடம் சமர்ப்பிக்கும் தளத்துக்கு நுழைவுக் குறியீட்டைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. பருவம் முடிந்ததும் அது காலாவதியாகிவிட்டது. பழைய புத்தகம் என்றால் பாதி விலைக்காவது விற்றிருக்கலாம். ஆசிரியர்களே, பயிற்சிக் கணக்குகளையும் சேர்த்து எழுதுங்கள்.

கல்லூரி நூலகர்

அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் தன் பாடங்களை இணையத்தில் திறந்துவைக்கப் போவதாக 2001-இல் அறிவித்தது. மறு ஆண்டு யுனெஸ்கோ கூட்டிய மாநாட்டில், இப்படி யாரும் இலவசமாக எடுத்தாளக்கூடிய பாடப்பொருள்களுக்குத் 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் பிறந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் என் மேசைக்கு வரும் ஐயங்களில் பெரும்பாலானவை உரிமம் பற்றியவைதான்.

அண்மையில் கணித ஆசிரியர் ஒருவர், ஓப்பன்ஸ்டாக்ஸ் நுண்கணித நூலின் ஒரு பகுதியையும் விக்கிப்பீடியாப் பத்திகளையும் கலந்து ஒரே பாடமாக எழுதிக்கொண்டு வந்தார். அருமையான பாடம். ஆனால் ஓப்பன்ஸ்டாக்ஸின் இயற்பியல் நூலைப் போலன்றி, இந்த நுண்கணித நூலின் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கிறது, விக்கிப்பீடியாவின் உரிமம் அனுமதிக்கிறது. மாற்றி எழுதியதை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்று இரண்டுமே கேட்கின்றன. ஆகவே இரண்டையும் பிசைந்து ஒன்றாக்க முடியாது. அவர் முகம் வாடியதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. விக்கிப்பீடியாப் பத்திகளை எடுத்துவிட்டு அந்த விளக்கத்தைத் தம் சொந்த நடையில் புதிதாக எழுதினார். எனக்கு அதுவே முந்தையதைவிடத் தெளிவாகத் தோன்றியது.

இன்னொன்று: படங்களுக்கு விளக்கவுரை எழுத மறக்காதீர்கள். திரைவாசிப்பான் வழியே படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் எங்கள் முதல் நூலைத் திறந்தபோது, வரைபடம் இருந்த இடமெல்லாம் 'படம்' என்ற ஒரு சொல்தான் கேட்டது. அந்த நூலை அடுத்த பருவத்துக்குள் முழுமையாகத் திருத்திவிட்டோம். விளக்கவுரைகளைச் சரிபார்த்துக் கொடுத்தவர் அவரே.