உயர்நிலை இரண்டுக்குக் கவிதை: இணையத்தில் எங்கே தேடலாம்?

வணக்கம். சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டு மாணவர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பாதிப் பேர் வீட்டில் ஆங்கிலம்தான். ஏப்ரலில் தமிழ்மொழி விழா வருவதற்குள் ஆளுக்கொரு கவிதையாவது ரசித்து வாசிக்க வைக்க ஆசை.

போன வாரம் குறுந்தொகை 40ஆம் பாடலை எடுத்தேன். செம்மண்ணில் பெய்த மழைநீர்போல் காதலர் நெஞ்சங்கள் கலந்துவிட்டன என்று சொல்லும் சங்கப் பாடல் அது. 'செம்புலப் பெயல்நீர்' என்றதும் வகுப்பே முழித்தது. சரி என்று பதவுரையை மூடிவிட்டு, மழையில் செம்மண் கரைந்து ஓடும் படம் ஒன்றைக் காட்டினேன். "தே தாரிக் மாதிரி இருக்கு சார்" என்றான் ஒருவன் (இங்கே கடைகளில் ஆற்றித் தரும் பால் தேநீர்). "இனிமே தண்ணியைத் தனியாப் பிரிக்க முடியாதுல்ல?" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் நான் விளக்க ஒன்றுமே இல்லை.

அந்த மாதிரிப் பொருள்தான் தேடுகிறேன். தமிழ் நூல்களை இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தில் மூலம் இருக்கிறது, தமிழ் இணையக் கல்விக்கழகத்தில் உரையும் கிடைக்கிறது. ஆனால் அவை எனக்குத்தான் உதவும், 14 வயதுப் பிள்ளைக்கு அல்ல. நல்ல உச்சரிப்பில் கவிதை வாசிக்கும் ஒலிப்பதிவு, படத்தோடு எளிய விளக்கம், சொந்தமாக நான்கு வரி எழுதிப் பழகப் பயிற்சித்தாள், எதுவானாலும் சரி. இலவசமாக இருந்தால் இணைப்பைக் கீழே போடுங்கள். உள்ளூர்க் கவிஞர்கள் என்றால் இன்னும் நல்லது. சினிமாப் பாட்டு மட்டும் வேண்டாம், அதில் அவர்கள்தான் எனக்கு வாத்தியார்.