பழைய கச்சேரி டி-ஷர்ட்டை மறுபடி விற்றால் அது வணிகக்குறி மீறலா?

பழஞ்சட்டை:

அனைவருக்கும் வணக்கம். ராக், மெட்டல் இசைக்குழுக்களின் பழைய சுற்றுப்பயண டி-ஷர்ட்டுகளையும் போஸ்டர்களையும் சேகரிப்பாளர்களிடமிருந்து வாங்கி, இணையச் சந்தைத் தளம் ஒன்றில் ஆறு ஆண்டுகளாக விற்று வருகிறேன். சென்ற மாதம் வரை ஒரு புகாரும் வந்ததில்லை. இப்போது இரண்டே வாரங்களில் என் விற்பனைப் பதிவுகள் மூன்று நீக்கப்பட்டுவிட்டன. மூன்றும் ஒரே இசைக்குழுவின் சரக்கு. காரணமாகச் சொல்லப்பட்டிருப்பது, உரிமையாளரின் வணிகக்குறியை (டிரேட்மார்க்) மீறுகிறது என்ற ஒரு வரி மட்டுமே. இன்னொரு புகார் வந்தால் கணக்கு நிரந்தரமாக முடக்கப்படும் என்ற எச்சரிக்கையும் உடன் வந்திருக்கிறது.

முதலாவது, 1991ஆம் ஆண்டுச் சுற்றுப்பயணத்தில் அரங்கின் உள்ளேயே விற்கப்பட்ட டி-ஷர்ட். அன்று வாங்கியவரிடமிருந்தே அதை வாங்கினேன். அவருடைய நுழைவுச்சீட்டின் கிழித்த பாதியும் என்னிடம் இருக்கிறது. இரண்டாவது, நைந்துபோன ஒரு டி-ஷர்ட்டின் முன்பக்கத்தை வெட்டி நானே தைத்த தோள்பை. மூன்றாவது, மொத்தமாக வாங்கிய ஒரு துணிக்கட்டுக்குள் வந்த டி-ஷர்ட். கழுத்து டேக் தேய்ந்து எழுத்து தெரியவில்லை, அச்சின் கீழே பதிப்புரிமை வரியும் இல்லை.

அமெரிக்காவின் டிஎம்சிஏ (டிஜிட்டல் மில்லேனியம் பதிப்புரிமைச் சட்டம்) படி, நீக்கியது தவறு என்று மறுத்து எதிர் அறிவிப்பு அனுப்பினால் 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் பதிவு திரும்ப வந்துவிடும் என்று படித்து, மூன்றுக்கும் அனுப்பினேன். இவ்வகைப் புகாருக்கு அந்த நடைமுறை பொருந்தாது என்று தளம் திருப்பி அனுப்பிவிட்டது. பணம் கொடுத்து வாங்கிய ஒரு பொருளை, அதன் மேல் எழுதியிருக்கும் பெயரைச் சொல்லி விற்பது எப்படி மீறலாகும் என்பது எனக்கு விளங்கவில்லை. இனி யாருக்கு, என்னவென்று எழுத வேண்டும்? அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடன் இருப்பேன்.

குறிவரைவு:

வணிகக்குறிச் சட்டம் சார்ந்த பணியில் இருப்பவன் என்ற முறையில் பொதுவாக எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரைப் பார்த்துவிடுங்கள்.

எதிர் அறிவிப்பு ஏன் திரும்பியது என்பதிலிருந்து தொடங்குவோம். டிஎம்சிஏ 1998இல் வந்த சட்டம். அதன் நீக்கல் நடைமுறையும் எதிர் அறிவிப்பும் பதிப்புரிமைக்கு மட்டுமே உரியவை. வணிகக்குறிப் புகாருக்கு அதற்கு இணையான, கெடு நாட்கள் வகுத்த நடைமுறை அமெரிக்கச் சட்டத்தில் இல்லை. ஆகவே அங்கு ஒவ்வொரு தளமும் தானே வகுத்த விதிப்படி நடக்கிறது. உரிமையாளர்கள் பதிவுகளைப் பற்றிப் புகார் கொடுப்பதற்கென ஈபே தளம் நடத்தும் வேரோ திட்டம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. நீக்கல் கடிதத்தில் பதிப்புரிமை என்று இருக்கிறதா, வணிகக்குறி என்று இருக்கிறதா, போலிச் சரக்கு என்று இருக்கிறதா என்பதை எழுத்தெண்ணிப் படிக்க வேண்டும், ஏனெனில் இந்த மூன்றுக்கும் பதில் வேறு வேறு. இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். டிஎம்சிஏ எதிர் அறிவிப்பு, பொய்யென்றால் தண்டனைக்கு உட்படுவேன் என்ற உறுதிமொழியோடு தரப்படுவது. மூன்று பொருளுக்கும் ஒரே வாசகத்தை அனுப்பியது நல்லதல்ல.

அடுத்து, உங்கள் உரிமை. உரிமையாளரோ அவருடைய அனுமதி பெற்றவரோ ஒரு பொருளை ஒருமுறை விற்றுவிட்டால், அந்தக் குறிப்பிட்ட பொருள் அதன்பின் கைமாறுவதைக் குறியின் பெயரால் தடுக்கும் உரிமை தீர்ந்துபோகிறது. இதை முதல் விற்பனைக் கோட்பாடு என்கிறோம். 1924இல் கோட்டி நிறுவனத்தின் வாசனைப் பொருட்களை வேறொரு நிறுவனம் வாங்கிச் சிறு புட்டிகளில் அடைத்து விற்ற வழக்கிலேயே, மக்களை ஏமாற்றாத வகையில் உண்மையைச் சொல்வதற்குப் பிறருடைய குறியைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. 1947இல் சாம்பியன் ஸ்பார்க் பிளக் வழக்கில், பழுது நீக்கிய பிளக்குகளைப் பழைய பெயரோடு விற்கலாம், ஆனால் பழுது நீக்கப்பட்டவை என்பது தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சொன்னது. இந்தியாவில் 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டத்தின் 30(3) பிரிவு இதே உரிமையைத் தருகிறது. 30(4) பிரிவு, பொருளின் நிலை மாற்றப்பட்டிருந்தாலோ கெட்டிருந்தாலோ உரிமையாளர் எதிர்க்கலாம் என்கிறது.

இந்த அளவுகோலை உங்கள் மூன்று பொருளுக்கும் வைத்துப் பாருங்கள். முதல் டி-ஷர்ட்டில் நீங்கள் உறுதியான இடத்தில் நிற்கிறீர்கள். தோள்பையில் அந்த உறுதி இல்லை. இசைக்குழு விற்றது டி-ஷர்ட். நீங்கள் விற்பது பை. வாங்குபவர் அதைக் குழுவே வெளியிட்ட பை என்று நினைக்கக்கூடும் என்ற வாதம் வலுவானது, மாற்றப்பட்ட பொருளுக்குக் கோட்பாட்டின் பாதுகாப்பு மெலிந்துவிடும். மூன்றாவதைப் பற்றி, அது உண்மையிலேயே அனுமதியுடன் அச்சான சரக்கா என்று தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

உரிமை இருக்கும்போது தளம் ஏன் உடனே நீக்குகிறது என்று நீங்கள் வருந்துவது நியாயம். 2010இல் டிஃபனி நிறுவனம் ஈபே மீது தொடுத்த வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், போலிகள் எங்கோ விற்கப்படுகின்றன என்ற பொதுவான அறிவு மட்டும் தளத்தைப் பொறுப்பாக்காது, குறிப்பிட்ட பதிவைப் பற்றிய அறிவு வேண்டும் என்று தீர்ப்பளித்தது. குறிப்பிட்ட பதிவைச் சுட்டி ஒரு புகார் வந்த பிறகும் அதை விட்டுவைத்தால் ஆபத்து தளத்துக்கு. நீக்கினால் இழப்பு உங்களுக்கு. தளம் எதைத் தேர்ந்தெடுக்கும் என்பதில் ஐயமில்லை. அதனால்தான் தளத்தின் உதவிப் பிரிவோடு வாதாடுவதால் பெரும்பாலும் பயன் விளைவதில்லை. புகாரைத் திரும்பப் பெறக்கூடியவர் புகார் கொடுத்தவர்தான், அவருக்கே எழுதுங்கள்.

ஒற்றைத்தையல்:

இருபது ஆண்டுகளாக இதே தொழிலில் இருக்கிறேன். நீக்கல் கடிதங்கள் எனக்கும் வந்திருக்கின்றன. மேலே நண்பர் சொன்ன கடைசி வரியை அப்படியே பின்பற்றுங்கள். நீக்கல் கடிதத்தில் புகார்தாரரின் மின்னஞ்சல் முகவரி பெரும்பாலும் இருக்கும். பல நேரங்களில் அது இசைக்குழுவின் முகவரியாக இல்லாமல், அவர்களுக்காக இணையத்தைக் கண்காணிக்கும் முகவர் நிறுவனத்தின் முகவரியாக இருக்கும். அங்கே கடிதத்தைப் படிப்பவர் நாளொன்றுக்கு எத்தனையோ பதிவுகளைப் பார்ப்பவர். அவர் உங்கள் டி-ஷர்ட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததில்லை, படத்தையும் தலைப்பையும் மட்டுமே பார்த்திருக்கிறார் என்பதை நினைவில் வைத்து, கோபமில்லாமல் சுருக்கமாக எழுதுங்கள். பதிவின் எண், பொருள் எப்போது எங்கே முதலில் விற்கப்பட்டது, யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது, அதற்கான சான்று என்ன, எந்த அடிப்படையில் இது போலியென்று கருதினீர்கள் என்ற கேள்வி, புகாரைத் திரும்பப் பெறுமாறு வேண்டுகோள். இவ்வளவு போதும். முதல் கடிதத்திலேயே வழக்குத் தொடுப்பேன் என்று மிரட்டினால், கடிதம் அவர்களுடைய வழக்கறிஞரின் மேசைக்குப் போய், அங்கேயே கிடந்துவிடும். எனக்கு ஒருமுறை அப்படித்தான் ஆயிற்று.

சான்று என்றால் படம்தான். கழுத்து டேக், கைமடிப்புத் தையல், கீழ்விளிம்புத் தையல், பதிப்புரிமை வரி, அச்சின் வெடிப்பு தெரியும்படி நெருங்கி எடுத்த படம் ஆகியவற்றை இணையுங்கள். அமெரிக்க டி-ஷர்ட்டுகளில் 1990களின் நடுப்பகுதி வரை கையிலும் கீழ்விளிம்பிலும் ஒற்றைத் தையல்தான் பரவலாக இருந்தது, பிறகு இரட்டைத் தையல் வழக்கமாயிற்று. ஆயினும் ஒற்றைத் தையலை மட்டும் காட்டி 1991 என்று வாதிடாதீர்கள். பழைய வெற்றுச் சட்டையில் புதிதாக அச்சடிப்பவர்களும் இருக்கிறார்கள், ஒற்றைத் தையலை வேண்டுமென்றே தைப்பவர்களும் இருக்கிறார்கள். டேக்கில் இருக்கும் ஆர்என் எண்ணும் (அமெரிக்காவில் ஆடை நிறுவனங்களுக்குத் தரப்படும் பதிவு எண்) நிறுவனத்தைக் காட்டுமே தவிர, தைத்த ஆண்டைக் காட்டாது. உங்களிடம் இருக்கும் நுழைவுச்சீட்டுப் பாதியும், விற்றவர் எழுதித் தரும் இரண்டு வரியும் தையலைவிடப் பெரிய சான்றுகள்.

ஒன்று கேட்க வேண்டும். பதிவில் வைத்த படங்கள் எல்லாம் நீங்கள் எடுத்தவைதானா? தலைப்பில் என்ன எழுதியிருந்தீர்கள்?

பழஞ்சட்டை:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மறைக்காமல் சொல்கிறேன். முதல் டி-ஷர்ட்டின் பதிவில் என் படங்களோடு, இசைக்குழுவின் இணையதளத்தில் இருந்த மேடைப் படம் ஒன்றையும் அழகுக்காகச் சேர்த்திருந்தேன். தலைப்பில் அதிகாரபூர்வ மெர்ச் (குழுவே வெளியிடும் விற்பனைச் சரக்கு) என்று எழுதியிருந்தேன். அரங்கில் விற்றது என்ற பொருளில்தான் எழுதினேன். தோள்பையின் தலைப்பும் இசைக்குழுவின் பெயரில்தான் தொடங்கியது.

ஒற்றைத்தையல்:

அந்த மேடைப் படத்தை இனி எங்கும் பயன்படுத்தாதீர்கள். டி-ஷர்ட் அசலாகவே இருந்தாலும், பிறர் எடுத்த நிழற்படம் பிறருடைய பதிப்புரிமைதான். அதன் பேரில் வரும் புகார் செல்லும், அதை எதிர்த்து எழுத உங்களிடம் ஒன்றும் இராது. அதிகாரபூர்வ என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள். நீங்கள் அதை டி-ஷர்ட்டைப் பற்றிச் சொல்கிறீர்கள், படிப்பவர் உங்கள் கடையைப் பற்றி எடுத்துக்கொள்கிறார். "பயன்படுத்திய டி-ஷர்ட், 1991 சுற்றுப்பயணத்தில் அரங்கில் விற்கப்பட்டது, விற்பனையாளருக்கும் இசைக்குழுவுக்கும் தொடர்பில்லை" என்று எழுதினால், பெயரைப் பொருளை அடையாளம் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுத்துகிறீர்கள் என்பது யாருக்கும் விளங்கும். கடையின் பெயரிலோ முகப்புச் சின்னத்திலோ குழுவின் எழுத்துருவைப் பயன்படுத்தியிருந்தால் அதையும் இன்றே மாற்றுங்கள்.

அரங்கவாசல்:

மூன்றாவது டி-ஷர்ட்டைப் பற்றி யாரும் விரித்துச் சொல்லாததால் எழுதுகிறேன். அந்தக் காலத்தில் கச்சேரி முடிந்து வெளியே வந்தால், வாகன நிறுத்தத்தில் பாதி விலைக்கு டி-ஷர்ட் விற்பார்கள். அனுமதியில்லாத அச்சு, ஆனால் அன்றே அச்சடித்தது. அவற்றில் பதிப்புரிமை வரி பெரும்பாலும் இராது. முப்பது ஆண்டுகள் கழித்து இன்று அவற்றையும் சேகரிப்பாளர்கள் விரும்பி வாங்குகிறார்கள். அரங்கின் உள்ளே கிடைத்ததைவிட அழகான ஓவியம் கொண்டவையும் உண்டு. நானும் அவற்றைச் சேர்த்து வைத்திருக்கிறேன். அவை அந்த இரவின் ஆவணங்கள், அழிந்துபோகக் கூடாதவை என்பது என் உறுதியான எண்ணம்.

ஆனால் விற்பனைக்கு வந்தால் கதை வேறு. முதல் விற்பனைக் கோட்பாட்டின் அடிப்படையே உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு முதல் விற்பனை நடந்திருக்க வேண்டும் என்பதுதான். வாகன நிறுத்தத்தில் நடந்தது அப்படிப்பட்ட விற்பனையன்று. எனவே எத்தனை ஆண்டுகள் ஆனாலும், எத்தனை கை மாறினாலும், அங்கே உரிமை தீர்ந்துபோவதே இல்லை. பழமை ஒரு திருட்டு அச்சை அசலாக்கிவிடாது. அக்காலத் திருட்டு அச்சு என்று நேர்மையாக எழுதி விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்குபவர் ஏமாறுவதில்லை என்பது உண்மை, ஆனால் புகார் கொடுக்கும் முகவருக்கு அந்த வரியே ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடுகிறது. மூன்று எச்சரிக்கையோடு இருக்கும் கணக்கில் அதைச் செய்ய வேண்டாம். அந்தப் புகாரை எதிர்க்காதீர்கள், டி-ஷர்ட்டை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

குறிவரைவு:

அரங்கவாசல் எழுதியது சரி. தோள்பைக்கும் இதையே சொல்வேன். அதையும் எதிர்க்க வேண்டாம். மூன்றையும் ஒரே கடிதத்தில் எதிர்த்தால், வலுவற்ற இரண்டும் வலுவான ஒன்றைக் கீழே இழுத்துவிடும்.

எல்லை தாண்டி விற்பவர்கள் அறிய வேண்டிய ஒன்றையும் சேர்க்கிறேன். உரிமை தீர்ந்துபோவது எந்த எல்லைக்குள் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் 2012ஆம் ஆண்டு சாம்சங் பிரிண்டர்கள் தொடர்பான வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு, உலகில் எங்கு முறையாக விற்கப்பட்டிருந்தாலும் உரிமை தீர்ந்துவிடும் என்ற கொள்கையை ஏற்றது. ஐரோப்பாவில் அப்படியில்லை. மூக்குக்கண்ணாடி நிறுவனமான சில்லுவெட் தொடர்பான 1998ஆம் ஆண்டு வழக்கின்படி, ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் உரிமையாளரின் சம்மதத்தோடு முதலில் விற்கப்பட்ட பொருளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு. அமெரிக்க அரங்கு ஒன்றில் விற்ற அசல் டி-ஷர்ட்டை ஐரோப்பாவில் வணிகமாக விற்றால், அது அசல் என்பது மட்டும் பதிலாகாது. தன் அலமாரியைக் காலி செய்யும் தனிமனிதருக்கு இது பொருந்தாது. வணிக நடவடிக்கையாக இருந்தால்தான் உரிமையாளர் தடுக்க முடியும். 2011இல் லோரியால் நிறுவனம் ஈபே மீது தொடுத்த வழக்கில், விற்பனையின் அளவு, அடிக்கடி விற்கும் தன்மை போன்றவற்றைப் பார்த்து அது வணிகமா என்று முடிவு செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. ஆறு ஆண்டுகளாக விற்கும் நீங்கள் தனிமனிதர் என்று வாதிட முடியாது.

கடைசியாக, நீக்கல் புகாரோடு நிற்காமல் ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் வந்தால், சில நாடுகளில் அதற்கே பரிகாரம் உண்டு. இந்தியச் சட்டத்தின் 142ஆவது பிரிவு, அடிப்படையற்ற மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடுக்க வழி செய்கிறது. அது கடைசிப் படி. அங்கே போகும் முன் அந்த மின்னஞ்சலை அனுப்புங்கள்.

பழஞ்சட்டை:

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். முதல் டி-ஷர்ட்டுக்காக மட்டும் முகவர் நிறுவனத்துக்கு எழுதினேன். நுழைவுச்சீட்டு, டேக், தையல், அச்சு ஆகியவற்றின் படங்களையும், எனக்கு விற்றவர் கையெழுத்திட்டுக் கொடுத்த குறிப்பையும் இணைத்தேன். மேடைப் படத்தையும் அதிகாரபூர்வ என்ற சொல்லையும் பயன்படுத்தியது என் தவறு, அவற்றை நீக்கிவிட்டேன் என்றும் எழுதினேன். பத்து நாட்கள் பதில் இல்லை. அதே கடிதத்தை மறுபடி அனுப்பினேன். நான்காம் நாள், அந்தப் பதிவுக்கான புகாரைத் திரும்பப் பெற்றுவிட்டதாக இரண்டு வரியில் பதில் வந்தது. மறுநாள் தளம் எச்சரிக்கைகளில் ஒன்றை நீக்கியது. பதிவு தானாகத் திரும்பவில்லை, புதிதாகத்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

மற்ற இரண்டு எச்சரிக்கைகளும் நிற்கின்றன. தோள்பையை அக்காவின் மகளுக்குக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது டி-ஷர்ட்டை நல்ல வெளிச்சத்தில் பார்த்தபோது, முதுகில் அச்சிட்ட ஊர்ப் பட்டியலில் ஓர் ஊரின் பெயரே எழுத்துப்பிழையோடு இருப்பதைக் கண்டேன். அரங்கவாசல் அவர்களுக்கு விருப்பமென்றால், விலையில்லாமல் அவருடைய சேகரிப்புக்கு அனுப்பி வைக்கிறேன். தனிச்செய்தியில் முகவரி தரலாம்.